ஒருத்தருக்கும் இல்லாத பேர்

உலகத்தில் ஒருத்தருக்கும் இல்லாத ஒரு பேரை உங்களால் உண்டாக்க ஏலுமா?

ரபீகாவின் வாப்பா, தையல்காரர் ஸாலிஹு லெப்பை, அப்படி ஒரு பேரை உண்டாக்கினார். அந்தப் பேரால்தான், அவர் இறந்துபோன அன்றைக்கு, மையித்தைக் குளிப்பாட்ட ஆம்பிளைகள் தண்ணீர் சுமந்துகொண்டிருந்த நேரத்தில், ரபீகா சுற்றிவரத் துணி கட்டின றிக்‌ஷாவில் அம்பிட்டிய ஏற்றத்தில் போய்க்கொண்டிருந்தாள்.

அசர் தொழுதுவிட்டு வருகிறவர்கள் வாப்பாவின் கடையில் குந்துவார்கள். மிஷினை மிதித்தபடியே அவர் கதை சொல்வார். எல்லாம் அவர் மனதில் உதித்த கதைகள். ஆனால் கண்டியில் எந்தப் பேரை எடுத்தாலும் அதற்கு ஒரு சொந்தக்காரன் இருப்பான், அவனுக்கு ஒரு மச்சான் இருப்பான், மச்சான் சண்டைக்கு வருவான். அதனால் கதையில் வருகிற ஒரு கஞ்சனுக்கு வாப்பா புதுப் பேர் வெட்டினார். யாசீனில் பாதி, உஸ்மானில் பாதி. சேர்த்துத் தைத்தால் யாசுமான். ஹேவாஹெட்டயிலிருந்து சாமான் வாங்க வந்தவர்களிடம்கூட விசாரித்தார், உங்கள் பக்கம் அப்படி ஒருத்தன் இருக்கிறானா என்று. இல்லை என்ற பிறகுதான் கதையைத் தொடங்கினார். குடை பழுதாகிவிடும் என்று அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மழையில் நனைந்து போகிற யாசுமான். கடையே சிரித்தது.

கொஞ்ச நாளில், கருவாட்டுக் கடை ஹபீல், யாரோ தன் கடையில் மறந்து வைத்த குடையைக் கொடுக்கப் போனார். நல்ல மழை. அடுத்தவர் சாமான், விரிக்க மனம் வரவில்லை. கக்கத்தில் வைத்துக்கொண்டு நனைந்து போனார். பார்த்தவர்கள் சும்மா விடுவார்களா? அன்றோடு ஊருக்கு அவர் யாசுமான். மகளுக்கு மாப்பிள்ளை பேச வந்தவர்கள்கூட யாசுமான் வீடு எது என்று கேட்டுத்தான் வந்தார்கள். பிறகு வரவில்லை.

வாப்பா அவரிடம் இரண்டு தரம் போனார். கதவு திறக்கவில்லை. அதோடு கதை சொல்வதையே விட்டார். இன்றைக்கு விடியச் சுபஹு நேரம், மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோது, "ஹபீல்கிட்ட மாப்பு வாங்கிரு மகள்," என்றார். அதுதான் கடைசிப் பேச்சு.

மனிசருக்குச் செய்த நோவை அந்த மனிசர்தான் பொறுக்க வேணும். மத்தியானம் லுஹருக்கு ஜனாஸாத் தொழுகை, பிறகு அடக்கம். மாப்பு இல்லாமல் வாப்பாவை எப்படிக் கபுறில் வைப்பது?

கதவைத் திறந்தது ஹபீலின் மனைவி கைரியா. ஆளை அடையாளம் கண்டு முகம் ஒரு மாதிரிப் போனாலும், கையைப் பிடித்துக் கதிரையில் இருத்தினாள். திரைச்சேலைக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். ஹபீல்தான்.

ரபீகா வாப்பா மௌத்தானதைச் சொன்னாள். இன்னாலில்லாஹி ஓதுகிற சத்தம் வந்தது. அவள் வாப்பா கடைசியாகச் சொன்னதையும் சொன்னாள்.

"அவரு என்ன முன்னப்பின்ன கண்டதே இல்ல," என்றார் ஹபீல் உள்ளிருந்து. "பிறகு ஏன் எனக்கு அந்தப் பேரு?"

"உங்களுக்கு வெக்கல்ல. ஒருத்தருக்கும் நோகக் கூடாண்டுதான் இல்லாத பேராத் தேடினாரு."

யாசீனையும் உஸ்மானையும் வெட்டின கதையை, ஹேவாஹெட்ட ஆட்களிடம் விசாரித்த கதையை அவள் ஒன்றும் விடாமல் சொன்னாள். சோற்றில் கை வைத்தபடி பேர் யோசித்துக் கறி ஆறிப்போகும் என்பதையும்.

"அவ்வளவு பாடுபட்டாரா?"

"ஓம்."

கைரியா மெல்லச் சொன்னாள், "நானே ஒரு நாள் வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுட்டேன் புள்ள. மனிசன் ரெண்டு நாள் சோறு திங்கல்ல."

"ஒரு நாள்தான்," என்றார் ஹபீல்.

அழுத கண்ணோடு ரபீகாவுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அடக்கிக்கொண்டாள்.

"எங்க உம்மா வெச்ச பேரு ஹபீல்," அவர் குரல் இறங்கியது. "அதச் சொல்லிக் கூப்பிட இப்ப ஆளில்ல, மகள்."

கைரியா தேத்தண்ணி ஊற்றப் போனாள். நேரம் போய்க்கொண்டிருந்தது. திரை அசையவில்லை. ரபீகா எழும்பி, போயிட்டு வாறேன் என்று சொல்லிவிட்டு இறங்கினாள். பள்ளத்தில் றிக்‌ஷா கடகடவென்று போனது. கேட்க வந்ததைக் கேட்டாயிற்று, கிடைக்கவில்லை.

வீட்டில் வாப்பாவை வைத்த சந்தூக்கைத் தூக்கத் தயாராக நின்றார்கள். அவள் புருஷன் பஹ்மி என்ன ஆச்சு என்று கண்ணால் கேட்டான். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். பெண்கள் உள்ளே நிற்க, வாப்பா வெளியே போனார்.

அடக்கிவிட்டு வந்த பஹ்மி நடந்ததைச் சொன்னான். பள்ளிவாசலில் தொழுகைக்கு முன்னால் மையித்துக்காக அவன் மாப்புக் கேட்டிருக்கிறான். எல்லாரும் ஒன்றாக மாப்புக் குடுத்தோம் என்று சொல்லி அடங்கின பிறகு, கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் தனியாக வந்திருக்கிறது.

"நானும் குடுத்தேன்."

யாரது என்று இமாம் கேட்டாராம்.

"ஹபீல்."

பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்களாம். அவருக்கு அப்படி ஒரு பேர் இருப்பது அவர்களுக்குத் தெரியாது.

ரபீகா வாப்பா உடுத்துகிற சாரனை எடுத்து மடித்தாள். மடித்ததை உதறி, திரும்பவும் மடித்தாள்.

மறுநாள் காலையில் கைரியா ஒரு பெட்டி இடியப்பமும் சொதியும் கொண்டுவந்தாள். வீட்டில் எல்லாரும் சாப்பிட்டார்கள்.