தாம்பூலத் தட்டும் ஐஸ் பெட்டியும்

மாசி சிவராத்திரிக்கு மறுநாள், வாடிப்பட்டிக்கு மேற்கே ஒரு கருப்பசாமி கோயிலில் ரத்தம் எடுத்தது நான் மட்டுமல்ல. ஆனால் கிடாய்களிடம் யாரும் சம்மதக் கையெழுத்து வாங்கவில்லை. நான் வாங்கினேன். அந்த ஒரு வித்தியாசத்தில்தான் என்னை விஞ்ஞானி என்கிறார்கள்.

மதுரையில், கண்நோய்களின் மரபணுக்களை ஆராயும் ஒரு சின்ன ஆய்வகத்தில் எனக்கு வேலை. பெயர் பத்ரிநாத். ஆனையூரில் எங்கள் தெருவில் என்னைக் கண் டாக்டர் என்று நினைத்துக்கொண்டு கண்ணாடி பவர் கேட்டு வருவார்கள். உண்மையில் நான் கண்ணைப் பார்ப்பதே இல்லை. ரத்தத்திலிருந்து டி.என்.ஏ. பிரிப்பேன். குழாய்க்குள் அது வெள்ளை இழையாக மிதக்கும். "பி.எச்டி. வரைக்கும் படிச்சிட்டு, கடைசியில நீயும் நூல்தான் பிரிக்கிறியா?" என்று எங்கள் வீட்டு மொழியில் அம்மா கேட்பாள். தறி ஓட்டிய குடும்பம். கேள்வி நியாயம்தான்.

கோயிலுக்கு என்னைக் கூட்டிப்போனவன் அழகுபாண்டி. மினி வேன் ஓட்டிக்கொண்டிருந்தவன். இருபத்திரண்டு வயதில், பட்டப்பகலில், பக்கவாட்டில் நின்ற இளநீர் வண்டி மேல் வண்டியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் கண் காட்டி, அங்கிருந்து எங்கள் ஆய்வகத்துக்கு வந்தான்.

"குடிக்கலண்ணே. சத்தியமா அந்த வண்டி எனக்குத் தெரியல. பொழுது சாஞ்சா சுத்தமாத் தெரியல."

விழித்திரையின் ஓரத்துச் செல்கள் ஒவ்வொன்றாகச் சாகும் நோய் அது. முதலில் இருட்டில் பார்வை போகும். அப்புறம் ஓரங்கள் போகும். கடைசியில் புல்லாங்குழல் வழியாக உலகத்தைப் பார்ப்பது போல நடுவில் கொஞ்சம் மிஞ்சும். அவனுடைய எக்ஸ் குரோமோசோமில் ஒரு மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருந்தது. உலகத்தில் வேறு யாரிடமும் பதிவாகாத மாற்றம். அதுதான் குற்றவாளியா, சும்மா நின்று வேடிக்கை பார்த்த ஆளா என்று சொல்ல முடியவில்லை.

சொல்லியாக வேண்டியது அழகுபாண்டிக்கு அல்ல, அவன் அக்காவுக்கு. பாண்டீஸ்வரிக்குக் கல்யாணமாகி மூன்று வருடம். ஆய்வகத்தின் வெளி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டாள்:

"சார், எங்கிட்டயும் அது இருக்கா? எனக்குப் பையன் பொறந்தா அவனுக்கும் வருமா? ஊரே ஏன் இன்னும் பிள்ள இல்லன்னு கேக்குது. அவரும் நானும் பயந்துக்கிட்டுத்தான் தள்ளிப் போட்டிருக்கோம். எது இருந்தாலும் தெரிஞ்சுட்டாப் போதும்."

அவள் ரத்தத்தில் அந்த எழுத்தைத் தேடுவது ஒரு நாள் வேலை. ஆனால் அந்த எழுத்துதான் நோய்க்குக் காரணம் என்று உறுதியாகாமல், இருக்கிறது இல்லை என்று சொல்லி என்ன பிரயோசனம்? "சொந்தக்காரங்க எத்தனை பேர் கிடைக்கிறாங்களோ அத்தனை பேர் சாம்பிள் வேணும்" என்றார் எங்கள் தலைவி டாக்டர் ஹம்சவேணி.

"அதுக்கேண்ணே அலையிறீங்க? சிவராத்திரிக்குக் குலசாமி கோயிலுக்கு வாங்க. எங்காளுக அம்புட்டுப் பேரும் ஒரே எடத்துல" என்றான் அழகுபாண்டி.

எனக்குப் புல்லரித்தது. ஊர் ஊராக அலைந்து நாலு பேரைப் பிடிக்கிற வேலையில், ஒரே ஆலமரத்தடியில் முப்பது சொச்சம் பங்காளிகள்! சித்தப்பாக்கள், பெரியப்பாக்கள், அவர்கள் மகன்கள், பேரன்கள். வரிசையில் நின்று கை நீட்டினார்கள். கறிச்சோறும் போட்டார்கள். ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வெற்றிவீரனாகத் திரும்பினேன்.

டாக்டர் ஹம்சவேணி குழாய்களின் மேலிருந்த பெயர்களைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"பத்ரி, அப்பா மகனுக்கு என்ன குடுப்பாரு?"

"ஒய் குரோமோசோம், மேடம்."

"எக்ஸ்?"

"அது அம்மாகிட்ட இருந்து..." என்று ஆரம்பித்த எனக்கு வாக்கியத்தின் நடுவிலேயே தரை நழுவியது.

"நாம தேடுறது எக்ஸ்ல. பங்காளின்னா அப்பன் வழி. நீ ஒரு லோடு ஒய் ஏத்திட்டு வந்திருக்கே. கறிச்சோறாவது நல்லா இருந்துச்சா?"

நன்றாகத்தான் இருந்தது. அதைச் சொல்லும் நேரம் அதுவல்ல என்பதால் ஐஸ் பெட்டியை மூடினேன்.

வேண்டியது தாய்வழி. அழகுபாண்டியின் அம்மா முத்துத்தாய்க்குக் கூடப்பிறந்தவர் ஒரே தம்பி. கொட்டாம்பட்டியில் தேங்காய் வியாபாரம் செய்யும் பேயாண்டி. அவரிடம் அந்த எழுத்து மாறியிருந்து கண்ணும் கெட்டிருந்தால், குற்றவாளி இதுதான். மாறியிருந்தும் கண் நன்றாயிருந்தால், எழுத்து நிரபராதி. வாடிப்பட்டியில் அவர்கள் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அழகுபாண்டியின் அப்பா பேச்சிமுத்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

"அவன் வாசல நான் மிதிக்க மாட்டேன் சார். எம்மக கல்யாணத்துல, மொத நாள் ராத்திரி, மண்டப வாசல்ல நின்னு வெத்தலத் தட்ட நீட்டுறேன். தாய்மாமன், மொத மரியாத அவனுக்குத்தான. நேராப் பாத்துக்கிட்டே தாண்டிப் போறான். அப்ப நான் என்ன செய்ய? தட்ட எங்கண்ணங்கிட்டக் குடுத்துட்டேன். மறுநா விடிய, தாய்மாமனுக்குக் குடுக்காம பங்காளிக்குக் குடுத்துட்டான்னு சாப்பிடாமக் கெளம்பிட்டான்."

"கண்ணு எப்படி அவருக்கு?"

"கண்ணுக்கென்ன, நல்லாத்தான் இருக்கு. மனசுதான் சரியில்ல" என்றார் முத்துத்தாய். "சந்தையில பக்கத்துலயே நின்னு கும்பிட்டாலும் கண்டுக்க மாட்டான். பொழுது போனா வீட்ட விட்டு எறங்க மாட்டான். அம்புட்டுத் திமிரு."

தலையாட்டிக்கொண்டே கேட்டேன். அந்த நோயைப் பற்றி இருநூறு பக்கம் ஆய்வேடு எழுதியவன் நான்.

"சும்மா போயி ரத்தம் கேக்காதீங்க" என்றார் முத்துத்தாய், குரலை இறக்கி. "பங்காளிக கிட்ட மொதல்ல எடுத்துட்டீங்கன்னு அவனுக்கு இந்நேரம் தெரிஞ்சிருக்கும். தட்டு வச்சு மொறையாக் கேளுங்க."

அப்படியாக, வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காய் ஒரு கையிலும் ஐஸ் பெட்டி மறு கையிலுமாக நான் கிளம்பினேன். தேங்காய் வியாபாரிக்கே தேங்காய். பாண்டீஸ்வரி கூட வந்தாள். மேலூர் தாண்டி ஆய்வக வேன் பஞ்சராகி, கொட்டாம்பட்டி போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்திருந்தது.

பேயாண்டிக்கு நாற்பது நாற்பத்திரண்டு இருக்கும். வாசல் தூணைப் பிடித்தபடி நின்றார். "யாரு?" என்றார்.

"நாந்தேன் மாமா. பாண்டீஸ்வரி."

அவர் முகம் ஒருமுறை மலர்ந்து, உடனே இறுகியது. "வாம்மா. கூட யாரு?"

நான் யார், எதற்கு வந்தேன் என்று சொல்லித் தட்டை நீட்டினேன். அவர் என் முகத்தையே நேராகப் பார்த்தார். கை அசையவில்லை.

"பங்காளிக ரத்தமெல்லாம் எடுத்தாச்சாம்ல? இப்ப எதுக்கு நான்?"

"அது என் முட்டாள்தனம்ண்ணே. உங்க ரத்தம்தான் முதல்ல எடுத்திருக்கணும். எங்க கணக்குலயும் தாய்மாமன்தான் முதல்."

அவருக்கு அது பிடித்திருந்தது என்பது மீசையில் தெரிந்தது. ஆனாலும் தட்டை வாங்கவில்லை. என் கை கடுக்க ஆரம்பித்தது. மானம் போனாலும் தாங்கலாம், ரெண்டு தேங்காயை எவ்வளவு நேரம் தாங்குவது? பாண்டீஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்து, தட்டைக் கீழே வைக்க இடப்பக்கம் ரெண்டு எட்டு நகர்ந்தேன்.

அவர் நான் முன்பு நின்ற இடத்தையே இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்.

இருநூறு பக்கமும் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"அண்ணே," என்றேன் மெதுவாக, "லைட்டப் போடலாமா?"

"ஆமா, இருட்டிருச்சு. பாண்டீஸ்வரி, அந்தச் சுவிச்சப் போடும்மா."

அவர் தலைக்கு மேலே பல்பு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது.

பாண்டீஸ்வரி பல்பைப் பார்த்தாள். மாமாவைப் பார்த்தாள். பிறகு தட்டை என்னிடமிருந்து வாங்கி, அவர் கையைப் பிடித்துத் தட்டின் விளிம்பில் வைத்தாள்.

"தட்டு இந்தா இருக்கு மாமா. அன்னைக்கும் அப்பா நீட்டுனாரு. உங்களுக்குத்தான் மொதல்ல நீட்டுனாரு."

"நீட்டுனாரா?"

அவர் விரல்கள் தட்டின் விளிம்பை ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தன.

"எவங்கிட்டயும் சொல்லல" என்றார் பிறகு. "கண்ணு தெரியாதவங்கிட்ட எவன் தேங்காய எண்ணக் குடுப்பான்? திமிருன்னு பேசுனானுக. சரி, குருடன்னு சொல்றதுக்கு அது தேவலன்னு இருந்துட்டேன்." சட்டைக் கையைச் சுருட்டினார். "எம்புட்டு வேணாலும் எடுத்துக்கங்க தம்பி."

கண் பரிசோதனையும் சொன்னது, ரத்தமும் சொன்னது: அதே எழுத்து, அதே நோய். கிடைத்த மற்றச் சான்றுகளோடு சேர்த்து, டாக்டர் ஹம்சவேணி குற்றவாளியை உறுதி செய்தார். பிறகு பாண்டீஸ்வரியின் குழாயை எடுத்தேன். நான் அதிகம் சாமி கும்பிடாதவன். அன்றைக்கு மெஷின் முன்னால் கருப்பசாமியிடம் கொஞ்சம் பேசிப் பார்த்தேன். அவர் பங்காளிகள் பக்கம் மட்டும்தான் பார்ப்பார் போலிருக்கிறது. அவளிடமும் அந்த எழுத்து இருந்தது.

டாக்டர் நிதானமாகச் சொன்னார்: மகன் பிறந்தால் வர பாதி வாய்ப்பு, வராமலிருக்கவும் பாதி வாய்ப்பு, குணப்படுத்த இன்றைக்கு எங்களிடம் மருந்து இல்லை, என்னென்ன வழிகள் இருக்கின்றன, எதையும் அவசரமாக முடிவு செய்ய வேண்டாம். பாண்டீஸ்வரியும் அவள் கணவன் ராம்கியும் கேட்டுக்கொண்டார்கள். அவள் கொஞ்சம் அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்:

"மாமாவுக்கு இருந்தது யாருக்குமே தெரியாமப் போச்சு சார். அதான் தப்பாப் போச்சு. எம்பிள்ளைக்கு வந்தா எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும்ல?"

அடுத்த வருடம் பாண்டீஸ்வரியின் வளைகாப்புக்கு எனக்கும் அழைப்பு வந்தது. சுட்டெரிக்கும் மத்தியானம். மண்டபத்தில் இருந்த டியூப்லைட் அத்தனையும் எரிந்தன. "கரண்டு பில்லு யாரு கட்டுறது?" என்று பேச்சிமுத்து புலம்பிக்கொண்டே இன்னொரு விளக்கையும் போட்டார். வாசலில் மாமாவை வரவேற்கத் தட்டோடு நின்றவன் அழகுபாண்டி.

"மாமா, தட்டு நீட்டிட்டேன்!"

"எங்கடா நீட்டுன, மாப்ள?"

"உங்களுக்கு நேரா!"

"நேராவா? எனக்கு உங்கம்மா சேலதாண்டா தெரியுது!"

ரெண்டு பேரும் தட்டுக்கு அந்தப்புறமும் இந்தப்புறமும் காற்றைத் துழாவிக்கொண்டு சிரித்தார்கள். தட்டிலிருந்து ஓர் ஆரஞ்சுப் பழம் உருண்டு என் காலடிக்கு வந்தது. முத்துத்தாய் ஒரு கையால் தட்டையும் மறு கையால் தம்பியையும் பிடித்துக்கொண்டார்.

பழத்தை எடுத்துக் கொடுக்கப் போனேன். "நீங்களே தின்னுங்க தம்பி," என்றார் பேயாண்டி, எனக்கு ஓர் அடி தள்ளிப் பார்த்து. "இன்னைக்காவது ஒழுங்காச் சாப்பிட்டுப் போங்க. பங்காளிக கறிச்சோறவிட எங்க பக்கத்துச் சோறு நல்லா இருக்கும்."