அந்தத் தெருவுக்கு வண்டி போகாது

1

இந்தக் கதை ஒரு மருத்துவமனைச் சுவரில் பிறந்தது. முதுகுவலி என்று போய் உட்கார்ந்திருந்தேன். எதிரே ஒரு வரைபடம்: வளரிளம் வயதினரில் எச்.ஐ.வி. யாருக்கு எவ்வளவு. வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்குக் கட்டைவிரல் உயரத்தில் ஒரு பட்டை. தொழிலாளர் குடியிருப்புப் பெண்களுக்கு முழங்கை நீளம். பக்கத்திலிருந்த அம்மாள், "நல்லவேளை, நம்ம பக்கம் இல்ல" என்றார். எங்கெங்கே பரிசோதித்தார்கள் என்று வரைபடத்தில் தேடினேன்; போடவில்லை.

2

சுருட்டை பயந்த சுபாவமுள்ள...

இல்லை, அந்த வரியை அடித்துவிட்டேன். அவள் பயப்படாதவள். பத்தொன்பது வயது. சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறாள். சுருட்டைமுடிக்காக வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. எச்.ஐ.வி. பரிசோதனை வண்டி அவள் தெருவுக்கு மட்டும்தான் வரும். பாலத்துக்கு அந்தப் பக்கம், வசதியானவர்கள் தெருவுக்குப் போகாது. தோழிகளோடு விளையாட்டாக ஏறினாள். அவளுக்கு இருக்கிறது என்று முடிவு வந்தது.

"மாத்திரை இருக்கும்மா. தினம் விடாம போட்டா நல்லா வாழலாம்," என்றார் வண்டியிலிருந்த ஆலோசகர்.

"சரிக்கா. அவன்கிட்ட யாரு சொல்றது?"

அவன், பாலத்துக்கு அந்தப் பக்க மருந்துக்கடைக்காரர் மகன். படிப்பை முடித்தவன். கல்யாணம் செய்துகொள்கிறேன் என்றிருந்தான். அவள் பழகியது அவன் ஒருவனோடுதான்.

3

(அவனை முதலில் அயோக்கியனாக எழுதினேன். எனக்கு வேலை சுலபமாக இருந்தது. கிழித்துப்போட்டேன். அவனும் பயந்துபோனவன்தான்.)

மருந்துக்கடைக்குப் பின்புறம் அவனை வரவழைத்து விஷயத்தைச் சொன்னாள். அவன் முகம் வெளுத்தது.

"அதெல்லாம் உங்க தெருவுலதான். எங்க பக்கம் யாருக்காச்சும் இருக்குன்னு கேள்விப்பட்டிருக்கியா?"

"உங்க பக்கம் யாருக்காச்சும் சோதிச்சுப் பார்த்திருக்காங்களா?"

அவன் கடைவாசலை எட்டிப் பார்த்தான். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"நீயும் பார்த்துக்கோடா. நான் கூட வரேன்."

"அந்த வண்டிகிட்ட என்னை யாராச்சும் பார்த்துட்டா? அம்மா உயிரையே விட்டுடுவாங்க." பிறகு குரலை இறக்கி, "நீ வேற யார்கூடயாவது..." என்றான்.*

* இங்கே அவள் அவனை அறைந்ததாக எழுதிப் பார்த்தேன். படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவள் கையை ஓங்கவில்லை. திரும்பி நடந்தாள்.

4

முடிவு ஒன்று: அவன் மனம் மாறிப் பரிசோதனைக்குப் போகிறான். (நானே நம்பவில்லை.)

முடிவு இரண்டு: விஷயம் வெளியே கசிகிறது. சலவைக்கூடத்தில் அவள் தொட்ட துணியை எல்லோரும் வாங்க மறுக்கிறார்கள். (நம்பினேன். அதனால் எழுதப் பிடிக்கவில்லை.)

நடந்தது வேறு. சுருட்டை மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்வந்தாள். ஒருநாள் துணி கொடுக்க வந்தவர்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது: மருந்துக்கடைக்காரர் மகனுக்கு அவன் தெருவிலேயே பெண் பேசி முடித்தாயிற்று, கல்லூரிப் பெண். இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, அந்தப் பெண்ணின் வீட்டை விசாரித்துக்கொண்டு கிளம்பினாள்.

அந்தத் தெருவில் மரநிழல் அதிகம். ஆள் நடமாட்டம் இல்லை. ஜன்னல்களெல்லாம் தன்னையே பார்ப்பதுபோல இருந்தது அவளுக்கு. அழைப்புமணியில் விரல் வைத்துவிட்டு எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

ஈரத்தலையில் துண்டோடு கல்யாணப் பெண்ணே கதவைத் திறந்தாள். சுருட்டையைவிடச் சின்னவள்.

"யாருக்கா? என்ன வேணும்?"

அடுத்த வரியை என்னால் எழுத முடியவில்லை. சுருட்டை சொன்னால் இந்த ஊரில் அவளுக்கு இனி ஒரு கதவும் திறக்காது. சொல்லாவிட்டால்...

"வாசல்லயே நிக்கிறீங்களே, உள்ள வாங்கக்கா," என்கிறாள் அந்தப் பெண், முழு நம்பிக்கையோடு.

அவள் உங்கள் மகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுருட்டை என்ன சொல்லட்டும்?