கொடையாளருக்கு ஒரு நிமிடம்

பன்றி என்ற சொல்லை அந்த வீட்டில் எவரும் உச்சரிப்பதில்லை. அப்படியொரு கட்டளையை யாரும் இட்டதில்லை; ஆயினும் பிள்ளைகளைத் திட்டும்போதுகூட அண்ணி அந்த ஒரு வசவை மட்டும் விழுங்கிவிட்டு, "எருமை" என்று தொடங்குவாள். அவளுடைய நாத்தனாரின் வலது முழங்கால்தான் காரணம். கட்டுமானத் தளத்தில் கோபுரக் கிரேன் ஓட்டும் அவளுக்கு மூட்டின் குருத்தெலும்பு கிழிந்துபோயிருந்தது. பன்றியிலிருந்து எடுத்து ஆய்வகத்தில் வளர்த்த செல்களை வைத்து மருத்துவர்கள் அதைச் சீர்செய்திருந்தார்கள்.

அதே தளத்தில் மேற்பார்வையாளனாக இருந்த அண்ணன் ஒரு படி மேலே போனான். விபத்தில் இறந்த ஓர் இளைஞன்தான் கொடையாளர் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்தான்.

"உள்ளத சொன்னா, அந்த முட்டிய நம்பி உன்ன மேல ஏற விடுவாங்களா? ஆபீஸ்ல உக்காந்து டீ ஊத்துன்னுவாங்க. கேலி வேற. வாய மூடிக்கிட்டு இரு."

"முட்டி என்னுதுண்ணே."

"முட்டிய சரிபண்ண டாக்டரு அப்படியே அந்த வாயையும் பாத்திருக்கலாம்."

அவள் வாயை மூடிக்கொண்டாள். அவளுக்குக் கிரேன் உச்சியிலிருக்கும் அந்தக் கேபின் வேண்டும். கட்டில் விளிம்பில் அமர்ந்து, கணுக்காலில் மணல் பையைக் கட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு காலைத் தூக்கிப் பழகியதெல்லாம் அதற்காகத்தான்.

பொய்க்கு இதற்குள் கை கால் முளைத்துவிட்டது. அவள் வேலைக்குத் திரும்பிய காலையில், அந்த இளைஞன் தாய்க்கு ஒரே மகனாகவும் நல்ல கால்பந்தாட்டக்காரனாகவும் ஆகியிருந்தான். கிரேனின் அடியில் சிமெண்ட் வாளி ஒன்றில் அவன் நினைவாக யாரோ பூக்களைக் குத்தி வைத்திருந்தார்கள்.

கம்பி கட்டுபவர் வளைந்த கால்களோடு தத்தித் தத்தி அவளிடம் வந்தார். தளத்தில் எல்லோருக்கும் அவர் கம்பியண்ணன்.

"எப்படி இருக்கு தங்கச்சி?"

"நல்லா இருக்குண்ணே. நீங்க எப்பப் போறீங்க? ரெண்டு முட்டியும் போச்சுன்னீங்களே."

"நான் போகல."

"ஏன்?"

"நீ வாலிபப் புள்ள, கெடச்சுது, வாங்கிக்கிட்ட. நான் போய் பேரு குடுத்துட்டு, எந்தத் தாயி பெத்தது எப்ப சாகும்னு காத்துக்கிட்டு இருக்கணுமா? அந்தப் பாவம் எனக்கு வேணாம். இந்த வலி பழகிப்போச்சு."

அவள் அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் அவசரமாகத் தொண்டையைச் செருமினான்.

"கொடையாளருக்காக ஒரு நிமிஷம் மௌனமா நிப்போம்."

கலவை இயந்திரம் நின்றது. எல்லோரும் ஹெல்மெட்டைக் கழற்றித் தலைகுனிந்தனர். கம்பியண்ணன் மடங்காத கால்களை அகட்டி, கம்பிக் கட்டைப் பிடித்தபடி நின்றார். பிறக்கவே பிறக்காத ஒருவனுக்காக அவர் கண்கள் கலங்கியிருந்தன.

அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். கிரேனின் ஏணியில் வலது காலை வைத்தாள். இரும்பு அதிர்ந்த ஓசையில் தலைகள் நிமிர்ந்தன. எல்லோருடைய தலைக்கும் மேலே ஏறியபின் நின்று திரும்பினாள்.

"எங்கடி ஏறுற? நிமிஷம் முடியல!" என்று அண்ணன் பல்லிடுக்கில் சீறினான்.

"கம்பியண்ணே, யாரும் சாகல. எந்தத் தாயி பெத்ததும் இல்ல. நாளைக்கே போய்க் கேளுங்க, உங்களுக்கும் ஆகுமான்னு."

"அப்ப யாரு குடுத்தாங்க தங்கச்சி?"

"வேணாம்!" என்றான் அண்ணன். "சொன்னா இனிமே இந்த ஏணிய மறந்துடு!"

"இப்ப எது மேலண்ணே நிக்கிறேன்?" என்றவள், கூட்டத்தை நோக்கிக் குரலை உயர்த்தினாள். "பன்னி! என் முட்டியில இருக்கிறது பன்னியோட செல்லு!"

பின்வரிசையில் யாரோ மூக்கால் உறுமிக் காட்டினார்கள். சிரிப்பு பரவியது. அவள் அடுத்த படியில் காலை ஊன்றினாள்.

"பன்னிதான்டா! இன்னும் சத்தமா உறுமு. மேல காத்து ஜாஸ்தி, எனக்குக் கேக்காது."