முடிஞ்சா வா

கீழ சலவைக் கடை, மேல இவங்க ஆபீஸ். கீழ இஸ்திரி போட ஆரம்பிச்சாங்கன்னா போதும், தரைப்பலகைச் சந்து வழியா ஆவி மெல்ல மெல்ல மேல ஏறும். ஒன்பது மணிக்கெல்லாம் மேசை, நாற்காலி, சுவத்துல ஒட்டின பசங்க போட்டோ எல்லாமே பாதி கரைஞ்சு மிதக்குற மாதிரி இருக்கும். நடந்தா கால் தரையில படுதான்னே சந்தேகம் வந்துடும்.

அக்காவுக்கு அந்த நேரம் ரொம்பப் பிடிக்கும். முப்பது கூட ஆகல, ஆனா ஊரே அவள அக்கான்னுதான் கூப்பிடும். போலீஸ், கோர்ட்டுன்னு அலையுற பசங்களுக்கு ஆளுக்கொரு துணை போட்டுப் பாத்துக்கறதுதான் இவங்க வேலை. அவளும் லாரி அண்ணனும் சேந்து ஆரம்பிச்சது. அவரு முன்னாடி லாரி ஓட்டினவரு. இப்ப இங்க பாதி நிர்வாகம், பாதி வாய்.

இங்க சட்டம்னு இருக்கறது ஒண்ணே ஒண்ணு. எந்தப் பிள்ளைகிட்டயும் 'வந்தே ஆகணும்'னு சொல்லக்கூடாது. பொறந்ததுலேர்ந்து அதக் கேட்டுக் கேட்டுத்தான் அதுங்க காது மரத்துப் போயிருக்கு. சட்டம் போட்டதே அக்காதான்.

அன்னைக்குப் பதினோரு மணிக்கு தீப்பெட்டி நன்னடத்தை அதிகாரி முன்னாடி போய் நிக்கணும். தீப்பெட்டின்னா பதினேழு வயசுப் பொண்ணு. ஆளு சின்னது, உரசினா போச்சு. ஒரு கடைக் கண்ணாடிய உடைச்ச கேஸு. போய்க் கையெழுத்துப் போட்டா இவங்க பொறுப்புலயே வெளிய இருக்கலாம். போகலன்னா ஒரு வருஷம் அரசாங்க இல்லத்துல, பூட்டின கதவுக்குள்ள.

"மெசேஜ் அனுப்பிட்டியாம்மா?" லாரி அண்ணன் கேட்டாரு.

"நேத்து சாயங்காலமேண்ணே. பாருங்க."

அவரு போன வாங்கி, கைய நீட்டித் தூரமா வச்சுப் படிச்சாரு. 'நாளைக்குப் பத்து மணி. ஆபீஸ். முடிஞ்சா வா.'

ஆவிக்குள்ள அவரு மூஞ்சி ஒரு தடவ மறைஞ்சுட்டுத் திரும்ப வந்துச்சு.

"ஏம்மா, நீ புள்ளைய வரச்சொன்னியா, சண்டைக்குக் கூப்பிட்டியா?"

"என்னண்ணே நீங்க! உடம்பு கிடம்பு சரியில்லன்னா பரவால்ல, முடிஞ்சா வான்னு அன்பாத்தானே..."

"உன் வீட்டுல அது அன்பு. அவ தெருவுல 'முடிஞ்சா வா'ன்னா அடுத்தது பல்லு கொட்டும். இதுல நேரம், இடம் வேற கரெக்டா போட்டிருக்க!"

அக்கா போன வெடுக்குன்னு வாங்கினா. போன் போட்டா, சுவிட்ச் ஆஃப். திரும்பப் போட்டா, அதே. ஜன்னல் வெயில் ஆவில பட்டு அறையே பால் கலக்கின தண்ணி மாதிரி ஆயிடுச்சு. அதுக்குள்ள எங்கயோ கடிகாரம் மட்டும் ஓடிட்டே இருந்துச்சு.

சரியா பத்துக்கு படியில சத்தம். முதல்ல தலை தெரிஞ்சுது. இழுத்துக் கட்டின கொண்டை. காதுல கம்மல் இல்ல.

"சண்டைக்குன்னே கழட்டி வச்சிட்டு வந்திருக்கா. போச்சு," லாரி அண்ணன் முணுமுணுத்தாரு.

"வந்துட்டேன்," தீப்பெட்டி சொன்னா. கண்ணு ரெண்டும் தூங்காத கண்ணு. "இப்ப என்ன பண்ணுவீங்க? தெருவுல எல்லாவனும் சண்டைக்குக் கூப்பிடுறான், சரி. நீங்களுமாக்கா?"

அக்கா பதறிப் போயி, அப்படி இல்லடி, இப்படின்னு மூச்சு விடாம விளக்கினா. தீப்பெட்டி கேட்டுட்டே நின்னா. மூஞ்சி இன்னும் சுருங்கிப் போச்சு.

"ஓ. அப்ப நான் வந்தாலும் ஒண்ணுதான், வராட்டியும் ஒண்ணுதான். இதுக்கு சண்டையே தேவலாம்க்கா. சண்டைன்னாலாவது எனக்காக ஒருத்தி காத்துட்டு இருக்கான்னு நெனச்சேன்."

சொல்லிட்டுத் திரும்பினா. ஒரு படி இறங்கினா. ரெண்டு. கழுத்து வரைக்கும் ஆவி முழுங்கிடுச்சு. இன்னும் நாலு படி போனா ஒரு வருஷம் போச்சு.

"ஏய், நில்லுடி!" அக்கா கத்தின கத்துல கீழ இஸ்திரிப்பெட்டி ஓட்டமே நின்னுது. "நீ வந்தே ஆகணும்! இப்பவே! நீ வரலன்னா நான் இங்கயே உக்காந்து ஒப்பாரி வைப்பேன். அண்ணனும் கூடச் சேந்துக்குவாரு, பாக்க சகிக்காது!"

"நான் நல்லாவே அழுவேன்," லாரி அண்ணன் ரொம்ப சீரியஸா சொன்னாரு.

ஆவிக்குள்ள கொண்டை மட்டும் அசையாம நின்னுது. அப்புறம் லேசா குலுங்குச்சு. அழுறாளா சிரிக்கிறாளான்னு அக்காவுக்குப் பிடிபடல. இறங்கிப் போயி அவ கையப் பிடிச்சா. சூடா இருந்துச்சு, ஆனா அவ உதறல.

பதினோரு மணிக்கு அதிகாரி அம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேல பாத்துக் கேட்டாங்க, "இவங்க சொல்படி கேப்பியா? உன் இஷ்டத்துக்குத்தான் வந்தியா?"

"என் இஷ்டமா மேடம்?" தீப்பெட்டி நாற்காலில நிமிந்து உக்காந்தா. "நான் பாட்டுக்குப் போயிட்டு இருந்தேன். இவங்கதான் விடவே மாட்டேன்னு ஒரே கத்தல். கீழ சலவைக் கடையில வேணா கேட்டுப் பாருங்க."

பெருமை அந்தச் சின்ன உடம்புல நிக்க இடமில்லாம வழிஞ்சுட்டு இருந்துச்சு. பேனாவ அவளே இழுத்து, தாளே கிழியற மாதிரி அழுத்திக் கையெழுத்துப் போட்டா.