அக்காவைத் தேய்த்தபோது

சனிக்கிழமை மாலைக்குள் மூன்றடிக்கு இரண்டடியில் ஓர் எண்ணெய் ஓவியம் கொடுத்தாக வேண்டும். பதினைந்து வருடம் விண்ணப்பம் போட்டுப் போட்டுக் கை ஓய்ந்த பிறகு, முதல்முறையாகக் கண்காட்சிக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கடைக்காரரோ அந்த அளவு கான்வாஸ் வர இரண்டு வாரமாகும் என்று கையை விரித்துவிட்டார். வீட்டில் அந்த அளவில் இருந்தது ஒன்றே ஒன்று: பீரோவுக்குப் பின்னால், சுவரைப் பார்த்தபடி, என் அக்கா.

ஆறு வருடத்துக்கு முன் அவளை உட்காரவைத்து வரைந்தது. படத்தைப் பார்த்ததும், "யாருடி இது?" என்று கேட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அன்றிலிருந்து சௌக்கியமா, சாப்பிட்டாயா என்பதோடு சரி. ரோஷம் எனக்கும் உண்டு. மூக்கு சரியில்லை என்றால் வாயைத் திறந்து சொல்வதுதானே?

பழைய எண்ணெய் ஓவியத்தின் மேல் புதிதாக வரைய, தண்ணீரில் கரையும் வெள்ளைப் பூச்சை அடித்தால் போதும் என்று நானும் ஒருகாலத்தில் நினைத்தேன். அப்படி நான் வரைந்த சூரியோதயம், வாங்கியவர் வீட்டில் மூன்றே மாதத்தில் உரிந்து சோபாவில் விழுந்தது. எண்ணெய்க்கு மேல் எண்ணெய்ப் பூச்சுதான் நிற்கும். அதற்கும் முன்னால் மேடுகளைச் சுரண்டி, உப்புத்தாளை நனைத்துத் தேய்க்க வேண்டும்.

வியாழக்கிழமை காலை முகமூடி போட்டுக்கொண்டு, பால்கனியில் அக்காவைக் கிடத்தி ஆரம்பித்தேன். முதலில் கொண்டையைக் கத்தியால் சீவினேன். உள்ளூர ஒரு குஷி, மறைப்பானேன்? கன்னத்துக்கு வந்ததும் இன்னும் அழுத்தித் தேய்த்தேன். ரோஸ் நிறம் சேறாக வழிந்தது. அடியிலிருந்து பழுப்பு நிறத்தில் வேறொருத்தி எட்டிப் பார்த்தாள். ஆறு வருடத்துக்கு முன் அவளை உட்காரவைத்த முதல் நாள், பத்தே நிமிடத்தில் நான் போட்ட அடிக்கோடுகள். அகல மூக்கு, ஒரு முறைப்பு, ஒற்றைப் புருவம் மட்டும் மேலே. அக்காவேதான். என் கை நின்றுவிட்டது.

அந்த நேரம் பார்த்து அழைப்பு மணி அடித்தது. கண்காட்சிச் செய்தியை யாரோ சொல்லி, அக்காவே வந்து நின்றாள். நான் வழிமறிப்பதற்குள் பால்கனிக்குப் போய்விட்டாள். என் கையில் கத்தி, காலடியில் அவள் தலை.

"என்னடி பண்ற?"

"கான்வாஸ் கிடைக்கலக்கா."

குனிந்து பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். இடி விழப்போகிறது என்று நான் தோளைக் குறுக்கிக்கொண்டேன்.

"இவள எங்கடி ஒளிச்சு வெச்சிருந்த?"

"அடியிலதான் இருந்தா. அழகா இருக்கட்டும்னு மேல பூசிட்டேன்."

"அப்ப நான் அசிங்கமா இருக்கேன்னுதானே பூசின? ஆறு வருஷமா எனக்கு அந்த நெனப்புதான்."

மூக்குக்காகக் கோபித்துக்கொண்டாள் என்றல்லவா நான் இத்தனை நாள் வீறாப்பாக இருந்தேன்!

"உன்மேல ஆசைலதான்க்கா பூசினேன். நான் ஒரு அசடு."

"அசடேதான்," என்றாள். "சனிக்கிழமை இதையே குடு. வேற எதையாவது வரைஞ்ச, தொலைச்சிடுவேன்."

சொல்லிவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கையை நீட்டினாள்.

"அந்தத் தாளக் குடு. இந்தக் கன்னத்துல இன்னும் ரோஸ் ஒட்டிக்கிட்டிருக்கு."