விளக்கெண்ணெய் முகம்

வெங்கடாசலம் வாத்தியார் இண்டூர்ப் பக்கம் ஒரு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் எடுப்பது சம்பளத்துக்கு. அருவருப்புப்படுவது மட்டும் இலவசச் சேவை. ஒருவன் அண்டா பிரியாணியைச் சப்புக்கொட்டித் தின்பதையும், யாரோ யாருக்கோ காதில் குறும்பி எடுப்பதையும் லட்சம் பேர் போனில் பார்க்கிறார்களே, இவர்களுக்கெல்லாம் குமட்டவே குமட்டாதா என்று ஆசிரியர் அறையில் தினமும் புலம்புவார். குறும்பி கடைசியில் முழுசாக வந்ததா என்று யாராவது கேட்டால், வந்தது என்று சொல்லவும் அவரால் முடியும். முழுக்கப் பார்க்காமல் ஒன்றைத் திட்டக் கூடாது என்பது அவர் கொள்கை.

திட்டித் திட்டி அவர் முகம் அதே வாக்கில் நின்றுபோனது. மூக்கு மேலேறி, வாய் ஒரு பக்கமாக இழுத்திருக்கும். பிள்ளைகள் 'வெளக்கெண்ணெ சார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒருநாள் கண்ணாடியில் பார்த்துவிட்டு, பெயர் வைத்தவன் கெட்டிக்காரன்தான் என்று அவரே ஒப்புக்கொண்டார்.

மகள் சுசித்ராவுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது இந்த முகம் வீட்டுப் பிரச்சினையானது. மண்டபத்தில் பெரிய திரை கட்டி, பெண் பிறந்தது முதலான படங்களை ஓட்டுவது இப்போது வழக்கம். சுசித்ரா பழைய ஆல்பங்களைப் புரட்டினாள். பெயர் வைத்த அன்று, காது குத்திய அன்று, பட்டம் வாங்கிய அன்று என்று எல்லாப் படத்திலும் அப்பா இருந்தார். எல்லாவற்றிலும் பக்கத்தில் எலி செத்துக் கிடப்பதுபோல நின்றார்.

"மாப்ள வூட்டுக்காரங்க பாத்தா, இந்தப் பொண்ணு பொறந்ததே இவருக்குப் புடிக்கலபோலன்னு நெனைப்பாங்கப்பா" என்றாள் சிரித்துக்கொண்டே. பிறகு சிரிக்காமல் இன்னொன்றும் சொன்னாள். "சின்னதுல எனக்கே அப்படித்தான் தோணும்."

அன்றைக்கே வாத்தியார், முகம் சுளிக்காமல் ஒரே ஒரு படத்துக்காவது நிற்பதாக மகளிடம் வாக்குக் கொடுத்தார்.

அதற்கான சந்தர்ப்பம் ஒகேனக்கல்லில் வாய்த்தது. கல்யாணத்துக்கு முன்பே மாப்பிள்ளையையும் பெண்ணையும் பரிசலில் வைத்து வீடியோ எடுக்க வேண்டும் என்று கேமராக்காரர் ரஞ்சித்குமார் சொல்லியிருந்தார். தாலி ஏறாமல் பெண்ணைத் தனியாக அனுப்ப மாட்டேன் என்று மனைவி கலைமணி ஒற்றைக் காலில் நிற்க, துணைக்கு வாத்தியாரே போனார். பெற்ற மகள் காதலிப்பதுபோல நடிப்பதைப் பக்கத்தில் நின்று காவல் காக்கும் உத்தியோகத்துக்கு என்ன படி கேட்கலாம் என்று போகிற வழியெல்லாம் யோசித்தார்.

ஆற்றங்கரையில் எண்ணெய் வழியும் தொப்பைகளை மசாஜ்காரர்கள் பரோட்டா மாவுபோலப் பிசைந்துகொண்டிருந்தார்கள். பத்தடி தள்ளி மீன் வறுபட்டது. இரண்டு எண்ணெயும் ஒரே வாசம் அடிப்பதாக வாத்தியாருக்குப் பட்டது. நடுவில் ரஞ்சித்குமார் ரோஸ் கலர் புகையைக் கிளப்ப, மாப்பிள்ளை அன்பு மண்டியிட்டு ரோஜாவை நீட்டினார். அரைத் துண்டு கட்டிய ஒருவர் குறுக்கே போய்விட்டதால் மறுபடி மண்டியிட்டார்.

வாத்தியாரின் முறை வந்தது. பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். ரஞ்சித்குமார் கேமராவில் பார்த்துவிட்டு, "சார், நீங்க சும்மாவே இருங்க சார். இது பயமா இருக்குது" என்றார். சுசித்ரா ஆற்றைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

அந்த வருத்தத்தை மறைக்க அவர் மாப்பிள்ளையைக் கவனிக்கத் தொடங்கினார். மீன் வாங்கிக் கொடுத்தார். மாமனார் வைத்ததை மாப்பிள்ளை வேண்டாம் என்பது மரியாதையில்லை. மாப்பிள்ளை போதும் என்றதும் மாமனார் நிறுத்திக்கொள்வதும் மரியாதையில்லை. இரண்டு பேரும் மரியாதை தெரிந்தவர்கள். தட்டு காலியாகக் காலியாக நிறைந்துகொண்டே இருந்தது.

பிறகு பரிசல் ஏறினார்கள். கண்ணை எடுக்கக் கூடாது என்பது கலைமணியின் உத்தரவு என்பதால் வாத்தியாரும் அதே பரிசலில் ஒடுங்கி உட்கார்ந்தார். கூந்தல் பறக்க வேண்டும், நல்லா சுத்தி விடுங்கண்ணா என்று இன்னொரு பரிசலிலிருந்து ரஞ்சித்குமார் கத்த, பரிசல்காரர் துடுப்பைப் போட்டுச் சுழற்றினார். பாறையும் வானமும் பம்பரமாகச் சுற்றின. அன்புவின் முகம் வெளிறியது.

"மாமா" என்றார். அவ்வளவுதான் முடிந்தது.

வாத்தியார் யோசிக்கவேயில்லை. சுற்றுலா பஸ்களில் எத்தனையோ பிள்ளைகளுக்கு ஏந்திப் பழகிய கைகள், தாமாகவே நீண்டன. கையில் கொள்ளாதது வேட்டியில் விழுந்தது. பரிசல்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சுசித்ரா முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். வாத்தியார் கையை ஆற்றில் அலசிவிட்டு, ஒரு கையால் அன்புவின் நெற்றியைப் பிடித்து, மறுகையால் முதுகை நீவினார்.

"ஒண்ணுமில்ல கண்ணு. எல்லாம் வந்துரட்டும்."

அதுவரை 'வாங்க மாப்ள, போங்க மாப்ள' என்றிருந்த வாய் அது.

கரையேறியபின் ரஞ்சித்குமார் தயங்கித் தயங்கி ஒரு படத்தைக் காட்டினார். மற்ற எல்லோரும் முகத்தைச் சுளித்திருக்க, ஒரே ஒரு முகம் மட்டும் சுளிக்காமல் இருந்தது. குனிந்த கண்ணும் லேசாகத் திறந்த வாயுமாக இருந்த அந்த ஆளை வாத்தியாருக்கே அடையாளம் தெரியவில்லை.

சுசித்ரா கேமராவை வாங்கிக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள்.

"சின்னதுல எனக்கு ஒடம்புக்கு முடியாதப்ப, நீங்கதானப்பா புடிச்சீங்க?"

"உங்கம்மாவுக்கு வாந்தியப் பாத்தா வாந்தி வரும். வேற யாரு புடிப்பா?"

"அப்பவும் இந்த மூஞ்சிதானா?"

"எனக்கென்ன தெரியும்? நீயும் பாக்கற நெலமையில இல்ல."

அவள் படத்தைத் தன் போனுக்கு அனுப்பச் சொன்னாள்.

கல்யாணத்தன்று அதே படம் திரையில் ஆளுயரத்துக்கு வந்தது. முகத்தை மட்டும் வெட்டிப் போட்டிருந்தார்கள். பெத்த பொண்ண எவ்வளவு பாசமா பாக்கறாரு பாருங்க என்று சம்பந்தியம்மா கண்ணைத் துடைத்தார். மேடையில் அன்பு தலையைக் குனிந்துகொண்டார். சுசித்ரா அப்பாவைத் தேடிப் பார்த்துச் சிரித்தாள். அந்த நேரம் மேடையோரம் பூவாணம் சீறிப் புகை கிளம்ப, வாத்தியாரின் மூக்கு வழக்கம்போல மேலேறியது.

பந்தியில் அவரே வாளி தூக்கி, மாப்பிள்ளை இலையில் இன்னொரு ஜாங்கிரி வைக்கப் போனார்.

"போதுங்க மாமா" என்றார் அன்பு.

வாத்தியார் உடனே நம்பி அடுத்த இலைக்கு நகர்ந்தார்.