மணல் மூட்டையில் சுட்ட ஐந்து

பிப்ரவரி 11, புதன். இன்று ஒரு தவறு செய்தேன். இரண்டாவது துப்பாக்கியின் மூன்றாம் குறியட்டையில் முதல் துப்பாக்கியின் பெயரை எழுதிவிட்டேன். வீட்டில் அட்டைகளை அடுக்கும்போதுதான் தெரிந்தது. கிழித்துப் போடாமல், அடித்துப் பக்கத்திலேயே திருத்தியிருக்கிறேன். சின்னத் தவறுதான். ஆனாலும் மற்ற ஒன்பது அட்டைகளையும் திரும்பப் பார்த்தேன்.

இதை எழுதிய குருவுக்கு வயது இருபத்தாறு. விடியற்காலையிலிருந்து மதியம் வரை பாலக்கோடு தக்காளி மண்டியில் எடை எழுதுவான். மாலையில் தர்மபுரிக்கு வெளியே, கல் வெட்டி முடித்துக் கைவிட்ட ஒரு குவாரிக்குள் நடக்கும் ரைபிள் கிளப்பின் பயிற்சி வகுப்புக்குப் போவான். சுடுவதில் சுமார், எழுதுவதில் கெட்டி. எந்தப் பெட்டித் தோட்டா, காற்று எந்தப் பக்கம், யார் சுட்டது என்று ஒன்றும் விடமாட்டான். எழுதியதை மூன்று முறை சரிபார்த்த பிறகும் மனது அடங்காது. அதனால்தான் புதுத் துப்பாக்கி தேர்ந்தெடுக்கும் வேலையைக் கிளப் செயலாளர் மாதேஸ்வரன் அவன் தலையில் கட்டியிருந்தார்.

"பட்டாளத்துல குடுத்ததச் சுட்டவன் நானு. எனக்கு எல்லாம் ஒண்ணுதான். நீதான் நோண்டி நோண்டிப் பாக்கறவன், நீயே பாத்துச் சொல்லு" என்றார்.

கிளப்புக்கு ஒரே ஒரு துப்பாக்கி வாங்கத்தான் அனுமதி வந்திருந்தது. சேலத்து டீலரின் ஆள் சென்றாயன் இரண்டு துப்பாக்கிகளை மூன்று நாள் மாலைகளில் சுட்டுப் பார்க்கக் கொண்டுவந்தார். இரண்டும் பாயிண்ட் டூ டூ ரிம்ஃபயர். சுண்டுவிரல் நுனியளவு தோட்டா. அதன் அடிவிளிம்பில் ஊசி அடித்தால் வெடிக்கும். தோட்டா ஏற்ற ஒவ்வொரு முறையும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டும். ஒன்றுக்குக் குழல் தடிமன், கனம் அதிகம். இன்னொன்று லேசு, போல்ட் வெண்ணெய்போல வழுக்கியது. கூடவே பெரிதும் சிறிதுமாக இரண்டு ஸ்கோப்புகள். போட்டியில் ஸ்கோப் வைத்துச் சுடக்கூடாது. ஆனால் துப்பாக்கியின் குணத்தைச் சுடுகிறவனின் கண்ணிலிருந்து பிரித்துப் பார்க்க அது இல்லாமல் முடியாது.

பெரிய ஸ்கோப்பைப் பார்த்ததுமே மாதேஸ்வரனுக்குப் பிடித்துவிட்டது.

"இதுல பாத்தா வத்தல்மலையில மாடு மேயறதே தெரியும் போல!"

"மாட்டையா சார் சுடப் போறோம்?" என்றார் சென்றாயன். "இது தூரத்து வேட்டைக்குன்னு செஞ்சதுங்க. அம்பது மீட்டர்ல சரிப்படுமான்னு தம்பியவே கேளுங்க."

குரு துப்பாக்கியை மணல் மூட்டைமேல் அசையாமல் கிடத்திவிட்டு, தலையை மட்டும் லேசாக இடமும் வலமும் நகர்த்திப் பார்த்தான். பெரிய ஸ்கோப்பில் உள்ளே தெரியும் குறுக்குக் கோடு அட்டையின் மேல் ஊர்ந்தது. சிறியதில் நட்டுவைத்ததுபோல் நின்றது. சிறியதையே எடுத்துக்கொண்டு, எல்லாத் துப்பாக்கிகளுக்கும் அதையே மாற்றி மாற்றிப் பூட்டினான். ஒரே பெட்டித் தோட்டா. ஒவ்வொன்றுக்கும் மணல் மூட்டைமேல் ஐந்து அட்டை, போட்டியில்போல் படுத்து, துப்பாக்கியோடு சேர்ந்த பெல்ட்டை இடது கையில் மாட்டி இழுத்துக்கொண்டு ஐந்து அட்டை.

இதில் கிளப்பின் பழைய துப்பாக்கியையும் சேர்த்தான். புதியது எவ்வளவு மேல் என்று சொல்ல ஓர் அளவு வேண்டுமே என்றுதான் சேர்த்தான். வேறு எந்த எண்ணமும் அவனுக்கு இல்லை.

அந்தப் பழைய துப்பாக்கியை வைத்துக்கொண்டுதான் சுபா போன ஏப்ரலில் மாநிலப் போட்டிக்குப் போனாள். மாரண்டஹள்ளிப் பக்கத்துப் பெண், இருபது வயது. கிளப்பில் அவளைப்போல் படுத்துச் சுட ஆள் கிடையாது. போட்டியில் முதல் இருபது தோட்டா நடுவிலேயே விழுந்தது. பிறகு ஒவ்வொன்றாக இடப்பக்கம் கீழே இறங்கத் தொடங்கியது. பின்னால் நின்ற மாதேஸ்வரன், "கை ஆடுது, பெல்ட்ட இறுக்கு" என்றார். இறுக்கினாள், இன்னும் இறங்கியது. இன்னும் இறுக்கினாள். அறுபது தோட்டா முடிந்தபோது அவள் பெயர் கடைசியிலிருந்து நான்காவது.

ஊர் திரும்பியதும் துப்பாக்கியைச் சோதிக்கச் சொன்னார்கள். குருதான் சோதித்தான். மணல் மூட்டைமேல் வைத்து ஐந்து சுட்டான். ஐந்தும் ஒரே ஓட்டை. கட்டைவிரல் நகத்தால் மூடிவிடலாம். கிளப் ரெஜிஸ்டரில் "துப்பாக்கியில் குறை இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். அப்படியென்றால் குறை யாரிடம் என்று அவன் எழுதவில்லை. எழுதத் தேவையும் இருக்கவில்லை. டிரிகர் அழுத்தும் நொடியில் சுபா பயந்து கண்ணை மூடுகிறாள் என்று கிளப் கமிட்டி முடிவு கட்டியது. மாநிலப் போட்டிக்கான இந்த வருடப் பட்டியலில் அவளுக்குப் பதில் பிரபாகர் என்ற பையனின் பெயரை எழுதிக்கொண்டார்கள். சுபா வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டு ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலைக்குச் சேர்ந்தாள். இந்த வருடப் பட்டியல் சனிக்கிழமை மாலைக்குள் போயாக வேண்டும்.

வியாழக்கிழமை குரு பழைய துப்பாக்கியோடு படுத்தான். மணல் மூட்டை அட்டைகள் ஐந்தும் போன வருடம்போலவே பிரமாதம். பெல்ட்டை மாட்டிச் சுட்ட முதல் அட்டையில் ஓட்டைகள் இடப்பக்கம் கீழே இருந்தன. என் கைதான் என்று நினைத்தான். அவனுக்கு எப்போதும் முதலில் தோன்றுவது அதுதான். மூச்சைச் சரிசெய்துகொண்டு இரண்டாவது அட்டை சுட்டான். குறுக்குக் கோடு நடுப்புள்ளியில் ஆணி அடித்ததுபோல் நிற்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே அழுத்தினான். ஓட்டை இடப்பக்கம் கீழேதான் விழுந்தது. பெல்ட்டை இரண்டு துளை இறுக்கினான். இன்னும் கீழே போனது. தளர்த்தினான். நடுவுக்கு வந்தது.

குரு அட்டையின் ஓரத்தில் மெல்லிய கீற்று ஒன்றைக் கத்தரித்து, குழலுக்கும் அதைத் தாங்கும் மரக்கட்டைக்கும் நடுவில் விட்டான். மூட்டைமேல் இருந்தபோது கீற்று தடையில்லாமல் ஓடியது. பெல்ட்டை மாட்டி இழுத்துக்கொண்டு, சென்றாயனைக் கீற்றை இழுக்கச் சொன்னான். அவர் இழுத்தார். பாதியில் கிழிந்து கையோடு வந்தது.

"கட்டை வளைஞ்சு வந்து கொழாயப் புடிக்குது தம்பி" என்றார் சென்றாயன். "பெல்ட்ட இறுக்க இறுக்கத் தள்ளும், நேரமாக ஆக இன்னும் தள்ளும். மூட்டை மேல வெச்சா எந்தக் காலத்துக்கும் தெரியாது. யாரு இதச் சரின்னு சொன்னது?"

"நான்தாங்க" என்றான் குரு.

மாதேஸ்வரன் ஆபீஸ் அறையில் உட்கார்ந்து பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார். குரு அட்டைகளை வரிசையாக மேசைமேல் பரப்பிச் சொல்லி முடித்தான். அவர் அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்.

"சரிப்பா. அந்தச் சனியனத் தூக்கிப் பெட்டியில போடு. புதுசுதான் வருதே, அப்புறம் என்னா?"

"சுபா பேரைப் பட்டியல்ல சேக்கணுங்க சார்."

"பத்து மாசமா துப்பாக்கியத் தொடாத புள்ளைய எப்படிப்பா அனுப்பறது? பிரபாகர் தெனமும் வந்து மண்ணுல பொரளறான். அவங்கிட்ட என்னான்னு சொல்லுவ?"

"தப்பு நம்மளுதுன்னு சொல்றங்க."

"நம்மளுதா?" மாதேஸ்வரனின் குரல் ஏறியது. பிறகு தானே இறங்கியது. "பெல்ட்ட இறுக்குன்னு பின்னாடி நின்னு கத்துனது நாந்தான். தெரியுது, போ. நாளைக்குச் சாயந்தரம் வரச்சொல்லு. நீ எடுத்துவெச்சிருக்கற புதுசுல பத்து தோட்டா சுடட்டும். பழைய கை இருந்தா பேர மாத்தறேன். பிரபாகருக்கு நான் சொல்லிக்கறேன்."

குரு ஓசூருக்குப் போன் செய்தான். கட்டை வளைந்தது, கீற்று கிழிந்தது எல்லாவற்றையும் ஒழுங்கு மாறாமல் சொன்னான். மறுமுனையில் கம்பெனி இயந்திரங்கள் இரைந்தன.

"சுபா, லைன்ல இருக்கியா?"

"இருக்கேண்ணா. எத்தன மணிக்கு வரணும்?" என்றாள்.

வெள்ளிக்கிழமை சுபா ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்தாள். கம்பெனிச் சட்டையோடு, தலைகூட வாராமல் வந்திருந்தாள். மெலிந்திருந்தாள்.

"என்னா சுபாக்கா, என் சீட்டப் புடுங்க வந்துட்டியா?" என்றான் பிரபாகர். பத்தொன்பது வயது. சிரித்துக்கொண்டுதான் கேட்டான்.

"உன் சீட்டுல நீ உக்காந்துக்கடா. நான் நின்னுட்டுப் போறேன்" என்றாள் அவளும்.

தடித்த குழல் துப்பாக்கியைத்தான் குரு தேர்ந்தெடுத்திருந்தான். லேசான துப்பாக்கி கைக்குச் சுகமாக இருந்தாலும் பத்து அட்டையில் மூன்றில் ஓர் ஓட்டை தனியாக ஓடியிருந்தது. கனமானதில் மூட்டை அட்டைக்கும் பெல்ட் அட்டைக்கும் வித்தியாசமே இல்லை. கீற்று இரண்டு விதத்திலும் தடையில்லாமல் ஓடியது. அதைச் சுபாவுக்கு முன்னாலேயே ஓட்டிக் காட்டினான். அவள் கீற்றை வாங்கி, தானும் ஒரு முறை ஓட்டிப் பார்த்தாள்.

பிறகு படுத்தாள். முழங்கை ஊன்றியதிலும் கன்னம் கட்டையில் பதிந்ததிலும் பழைய சுபா தெரிந்தாள். குரு தோட்டா எங்கே விழுகிறது என்று பார்க்கும் தொலைநோக்கியில் கண்ணை வைத்தான்.

முதல் தோட்டா வலப்பக்கம் மேலே. இரண்டாவது கீழே. மூன்றாவது நடு. நான்காவது அட்டையின் வெள்ளை ஓரத்தில். பத்தும் பத்துப் பக்கம். பழைய துப்பாக்கியைப்போல் ஒரே திசையில் இறங்கியிருந்தால் குரு பெல்ட்டைப் பார்த்திருப்பான், திருகாணிகளைப் பார்த்திருப்பான். இதில் பார்க்க ஒன்றுமில்லை.

பிரபாகர் கீழே குனிந்து, தரையில் கிடந்த காலித் தோட்டாக் கூடுகளைப் பொறுக்கத் தொடங்கினான்.

"அண்ணா" என்றாள் சுபா, படுத்தபடியே. "நீங்க ஏத்திக் குடுங்க. சில தடவ தோட்டா போடுங்க, சில தடவ போடாதீங்க. எப்பன்னு சொல்லாதீங்க."

"வேணாம் சுபா."

"குடுங்கண்ணா. எனக்குத் தெரியணும்."

குரு அவளுக்கு மறைத்துக்கொண்டு முதலில் தோட்டாவோடு கொடுத்தான். அடுத்து வெறுமனே போல்ட்டை மூடிக் கொடுத்தான். அவள் குறி பார்த்தாள், மூச்சை நிறுத்தினாள், அழுத்தினாள். 'டக்' என்ற சத்தம் மட்டும் வந்தது. வெடிக்காத துப்பாக்கியின் முனை விரற்கடை அளவுக்குச் சடாரென்று கீழே குத்தியது. அவள் கண்கள் இறுக மூடியிருந்தன.

மாதேஸ்வரன் அதைப் பார்த்தார். நான் அன்றைக்கே சொன்னேனே என்று அவர் சொல்லியிருக்கலாம். எழுந்து ஆபீஸ் அறைக்குள் போனார். சற்றுநேரத்தில் பட்டியலில் முத்திரை குத்தும் சத்தம் வெளியே கேட்டது.

சுபா எழுந்து சட்டையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள். அவளைப் பார்க்க முடியாமல் குரு துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"மன்னிச்சுக்கன்னு கேக்கறதுக்கே..." என்று ஆரம்பித்தான்.

"போன வருசம் நான் கண்ண மூடலண்ணா. இப்ப நல்லாத் தெரியுது." அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "நீங்க எழுதுனா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன். வூட்ல கண்ணாடி முன்னாடி நின்னுக்கிட்டு வெறும் வெரல மடக்கிப் பாப்பேன், கண்ணு மூடுதான்னு. தெனமும். அம்மா பைத்தியமாடின்னு திட்டும். மூடுதா மூடுதான்னு பாத்துப் பாத்தே மூடப் பழகிட்டேன் போல."

ஒழுங்காக எழுதிவைக்கிறவன் என்று குரு தன்னைப்பற்றி வைத்திருந்த ஒரே நல்ல எண்ணமும் அங்கே, அந்தக் குவாரி மண்ணில் கிடந்தது. போன வருடம் ஐந்து தோட்டாவுக்குப் பதில் பத்துத் தோட்டா சுட்டிருக்கலாம். ஒரே ஒரு முறை பெல்ட்டை மாட்டியிருக்கலாம். அன்று காலையில் சோதித்தபோது மண்டியில் வண்டி காத்திருக்கிறது என்று அவசரப்பட்டது நினைவுக்கு வந்தது. அதை அவன் எந்த நோட்டிலும் எழுதியிருக்கவில்லை.

"தோட்டா இல்லாமச் சுட்டுச் சுட்டு இத மாத்தலாம்" என்றான் கடைசியில். "மாசக்கணக்காகும். மாறாமப் போனாலும் போவும். எனக்குத் தெரியல."

"லிஸ்டு போயிருச்சு. இனி எதுக்குண்ணா?"

சென்றாயன் லேசான துப்பாக்கியையும் பெரிய ஸ்கோப்பையும் உறையில் போட்டு ஜிப்பை இழுத்தார். சுபா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல்வரை போனாள். அங்கே நின்றாள்.

"நாளைக்கு எனக்கு ரெண்டு மணி ஷிப்டு. காலையிலன்னா வருவேன். அவங்க யாரும் இருக்கக் கூடாது."

பிப்ரவரி 13, வெள்ளி. தடித்த குழல் துப்பாக்கி, சிறிய ஸ்கோப் இரண்டையும் வாங்கலாம் என்று எழுதிக் கொடுத்தேன். போன வருடம் ரெஜிஸ்டரில் நான் எழுதியது தவறு என்பதையும், எப்படித் தவறு என்பதையும் அதே தாளில் எழுதினேன். மாதேஸ்வரன் சார் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். சுபாவின் பெயர் பட்டியலில் இல்லை.

நாளை: மண்டிக்குப் பாதி நாள் விடுப்பு சொல்ல வேண்டும். ஆறரைக்குள் குவாரி ரேஞ்ச் சாவி வாங்க வேண்டும். ஏழு மணிக்குச் சுபா. தோட்டா இல்லாமல் நாற்பது முறை. அட்டை மாட்ட வேண்டாம்.